கிரவுண்டு என்ற சொல்லின் இரண்டு பொருள்

சென்னையில் ‘கிரவுண்டு’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பையன் சொன்னால் அது ஆடுகிற இடம். அப்பன் சொன்னால் 2400 சதுர அடி. ‘அஞ்சு மணிக்கு கிரவுண்டாண்ட வந்துடு’ என்பதும் ‘அப்பவே ஊருக்கு வெளியே அரை கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கணும்’ என்பதும் ஒரே வீட்டில், ஒரே நாளில் பேசப்படுகின்றன. யாரும் குழம்புவதில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஒரு சொல் இரண்டு பொருளைச் சுமந்தால் அவற்றில் எது எதை நெருக்குகிறது என்று பார்ப்பான். இந்நகரத்தின் விளையாட்டைப் பற்றியும் குடிமைப் பிரச்சினைகளைப் பற்றியும் நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த நெருக்கலைப் பற்றித்தான். இரண்டாவது பொருள் முதல் பொருளைத் தின்றுகொண்டிருக்கிறது. தின்பதற்கு ‘மேம்பாடு’ என்று பெயர்.

இதை எழுதப் போகிறேன் என்றதும் தொழிற்சங்க வேலை செய்கிற நண்பர் ஒருவர், ‘கொசஸ்தலை ஆத்துல சாம்பல் கலக்குது, ஜனங்கள பெரும்பாக்கத்துக்கு ஏத்தி அனுப்புறான், நீங்க ஃபுட்பாலப் பத்தி எழுதப் போறீங்களா தோழர்?’ என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் ஒரு பழைய வாசிப்புப் பழக்கம் ஒளிந்திருக்கிறது. விளையாட்டு என்றாலே நாம் பார்க்கிற விளையாட்டை நினைத்துக்கொள்கிறோம். சேப்பாக்கம், தொலைக்காட்சி, ஐ.பி.எல். ஏலம். பார்வையாளனை மட்டும் வைத்து ‘இது மக்களுக்கு அபின்’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். ஆடுகிறவன் நம் சொல்லாடலுக்குள் வருவதே இல்லை. அவனுக்கு முதலில் வேண்டியது நிலம். நிலம் என்று சொன்ன அடுத்த நிமிடம் பெரும்பாக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

இலக்கியத்திலும் இதே கதைதான். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில் கிரிக்கெட் இருக்கிறது, ஆனால் அது சிகந்தராபாத். சென்னையின் ஆடுகளங்களை எழுதும் பொறுப்பை நாம் சினிமாவுக்கு விட்டுவிட்டோம். ‘சென்னை 600028’ (2007), நாயகனைக் கேரம் ஆட்டக்காரனாக்கிய ‘வட சென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021). டிரினிடாடில் பிறந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963-இல் கிரிக்கெட்டை வைத்தே காலனியத்தின் அகத்தை எழுதிக் காட்டினார். அப்படி ஒரு புத்தகம் நம்மிடம் ஏன் இல்லை என்று கேட்க ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

2024-ஆம் ஆண்டின் அறுபது நாட்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் கடைசி நாளிலும் செப்டம்பர் முதல் நாளிலும் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் ஃபார்முலா 4 கார்ப் பந்தயம். செப்டம்பர் 9 அன்று கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை அரசு பூட்டி முத்திரை வைத்தது. அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மாமன்றம், செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தீர்மானம் போட்டது. ஆடுகிறவர் ஒருவருக்கு, மணிக்கு 120 ரூபாய்.

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் சின்னதாகத் தெரிவது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆடினால் 1200 ரூபாய். ஒரு பையன் மாதத்தில் 25 சாயங்காலம் போனால் அவன் பங்கு மட்டும் 3000. வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்கு இது என்ன தொகை என்று நான் விளக்க வேண்டியதில்லை. எதிர்ப்புக் கிளம்பியது, தீர்மானம் போட்ட வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. ஜெயித்துவிட்டோம் என்று பலரும் எழுதினார்கள். ஜெயித்தது உண்மை. எதை ஜெயித்தோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில், அந்தப் புல் ஏன் வந்தது? மண் திடலுக்குப் பராமரிப்புச் செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. மழை பெய்தால் சேறு, நாலு நாள் வெயில் அடித்தால் மறுபடி திடல். செயற்கைப் புல் அப்படியில்லை. நெகிழி இழைகளுக்கு இடையே மணலும் ரப்பர்த் துகளும் நிரப்பி வைத்திருப்பார்கள். துகள் சரிந்தால் மறுபடி நிரப்ப வேண்டும், இழை படுத்துவிட்டால் சீவி நிமிர்த்த வேண்டும், கிழிந்தால் ஒட்ட வேண்டும், பத்து வருஷம் போனால் மொத்தமாக மாற்ற வேண்டும். வேலி, விளக்கு, பூட்டு, காவலாள் எல்லாம் பின்னாலேயே வரும். ஆக, செலவு முதலில் பதிக்கப்படுகிறது, பிறகு அந்தச் செலவே கட்டணத்துக்கு நியாயமாகிறது. மேம்பாடு முதலில் பரிசாக வந்து இறங்கும். பில் பின்னால் வரும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை, அமைப்பு தானாகவே இப்படித்தான் ஓடும்.

‘அப்ப மண்ணே போதும்னு சொல்றியா?’ என்று கேட்பீர்கள். அங்கே ஆடுகிற பையன் ஒருவனிடம் கேட்டேன். ‘மண்ணுல விழுந்தா முட்டி பேந்துக்கும்ணா. இதுல தேச்சா எரியும், அவ்ளோதான். மத்தியானத்துல மட்டும் கால் வைக்க முடியாது, கொதிக்கும்’ என்றான். அவனுக்குப் புல் பிடித்திருக்கிறது. அவனுக்காகப் பேசுகிறேன் பேர்வழி என்று மண்ணின் மகிமையைப் பாட நான் தயாரில்லை. இந்தியன் சூப்பர் லீக் வரை போன தன்பால் கணேஷ் போன்றவர்களைத் தந்த வட்டாரம் இது. நல்ல தரையில் பழக இங்குள்ள பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது. என் சண்டை புல்லோடு இல்லை, அதைச் சுற்றி வருகிற வேலியோடுதான்.

சந்தேகத்துக்கு வருகிறேன். தீர்மானம் திரும்பப் பெறப்பட்டதும் எல்லார் வாயிலும் வந்த சொல் ‘இலவசம்’. இந்தச் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. தெருவில் நடப்பதை நாம் இலவசமாக நடப்பது என்று சொல்வதில்லை. நடப்பது இயல்பு, அதற்குப் பெயர் தேவையில்லை. விற்கத்தக்க ஒன்றை விற்காமல் கொடுத்தால்தான் அது இலவசம். திடலில் ஆடுவது இலவசம் என்று நாம் ஒப்புக்கொள்ளும்போதே அது விற்கத்தக்கது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறோம். கொடுத்தவர் நினைத்தால் நாளை எடுக்கலாம். ஹென்றி லெஃபெவ்ர் 1968-இல் நகரத்துக்கான உரிமை என்று பேசியபோது அவர் சொன்னது நகரத்துக்குள் அனுமதிக்கப்படுவதை அல்ல. நகரத்தை உண்டாக்குகிறவர்கள் அதைத் தீர்மானிக்கிறவர்களாகவும் இருப்பதைச் சொன்னார். இங்கே திடலை உண்டாக்கியவர்கள் யார்?

வேலி இல்லாத ஒரு மண் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். ஒரே இடத்தில் நாலு மேட்ச் நடக்கும். ஒரு டீமின் மிட்-ஆன் இன்னொரு டீமின் விக்கெட் கீப்பருக்கு முதுகைக் காட்டி நிற்பான். பந்து குறுக்கே போனால் எடுத்து வீச வேண்டும், உதைக்கக் கூடாது. விடியற்காலை ஓடுகிறவர்களுக்கு ஒரு ஓரம், பெரியவர்களின் வாலிபாலுக்கு நெட் கட்டியிருக்கும் இடத்தில் சின்னப் பசங்க ஆறு மணிக்கு மேல் போகக் கூடாது. இதில் ஒரு வரிகூட எந்த அலுவலகத்திலும் எழுதப்படவில்லை. சண்டை போட்டு, மண்டை உடைந்து, பேசித் தீர்த்து உண்டான சட்டம். செத்துப்போன சிநேகிதன் பெயரில் ‘நினைவுக் கோப்பை’ நடக்கும். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பெயரில் போட்டி நடக்கும். ஒரு சேரியின் துக்கமும் பெருமையும் அரசியலும் பொதுவில் நின்று பேச அமைந்த வெளி இது. இணையத்தில் நேரம் பதிவு செய்து, மணிக்கணக்கில் ஆட்களை உள்ளே விட்டு வெளியே அனுப்புகிற திடலில் இது எதுவும் நடக்க வழியில்லை. நான்கு மேட்ச் ஒன்றாகும். நினைவுக் கோப்பை ‘நிகழ்ச்சி அனுமதி’ ஆகும்.

இதைச் சொல்லிவிட்டு அந்தத் திடலைச் சொர்க்கமாக்கிவிட்டுப் போய்விடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் வட்டாரத் திடலுக்கு ஒரு வாரம் தொடர்ந்து சாயங்காலம் போனேன். ஆடியவர்களில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. சுவரோரம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், தம்பியின் செருப்பையும் சைக்கிளையும் பார்த்துக்கொண்டு. ‘பொது’ என்று நாம் கொண்டாடுகிற வெளிக்கு எழுதப்படாத ஒரு கேட் ஏற்கெனவே இருக்கிறது.

இங்கேதான் எனக்குக் கேரம் முக்கியமாகப் படுகிறது. வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன், மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். 120 ரூபாய்த் தீர்மானத்துக்குச் சில வாரங்கள் கழித்து. கேரம் பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், ஆறு சதுர அடிக்குள் அடங்கிவிடும். ஒரு கிரவுண்டில் நானூறு பலகை விரிக்கலாம். இடமில்லாத ஊரில் ஆறு சதுர அடியில் உலகத்தை ஜெயிக்கிற ஆட்டம் செழித்ததும், அதிலும் கூரைக்குக் கீழே ஆடப்படுகிற ஆட்டத்தில் பெண்கள் மேலே வந்ததும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஆட்டத்தில் திறமை காட்டலாம் என்பதை நிலமும் பாலும் முன்கூட்டியே வடிகட்டிவிடுகின்றன என்பதுதான் செய்தி. அவர்கள் பரிசோடு விமானத்தில் இறங்கும்போது மாலை போடுகிறோம். வடிகட்டியைப் பற்றிப் பேசுவதில்லை.

வடிகட்டப்பட்ட உடல்கள் எங்கே போகும் என்பதற்குக் கண்ணப்பர் திடல் சாட்சி. நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டியிருக்கும் அந்தத் திடல் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்குப் பேர்போன இடம். பரம்பரைகள் மோதிக்கொண்ட களம். 2002-இல் ரிப்பன் மாளிகை வட்டாரத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைத் ‘தற்காலிகமாக’ அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். தற்காலிகம் இருபது வருஷத்தைத் தாண்டியது. மதிலுக்கு அந்தப் பக்கம் வெள்ளம் போல விளக்குகள் எரிகிற சர்வதேச அரங்கம். இந்தப் பக்கம் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போன முகாம். இரண்டையும் ஒரே புகைப்படத்தில் எடுக்கலாம். என் நண்பருக்கு நான் சொல்ல நினைத்த பதிலும் இந்தப் படம்தான்.

இனி கிண்டி. அரசுக்குச் சொந்தமான சுமார் 160 ஏக்கர், 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் குதிரைப் பந்தய மன்றத்திடம் இருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. தாத்தா காலத்து ரூபாய் வேறு என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள், சரிதான். அதனால்தான் 1970-இல் அரசு வாடகையை உயர்த்தி அறிவிப்பு அனுப்பியது. மன்றம் ஏற்கவில்லை. வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 730 கோடிக்கு மேல் நிலுவை, கட்டு என்று உயர்நீதிமன்றம் 2023-இல்தான் சொன்னது. இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். ஆறு பையன்கள் ஒரு மணி நேரம் பந்து உதைக்க 720 ரூபாய் என்று மாமன்றம் விலை வைத்தது. குதிரைகள் வருஷம் முழுக்க 160 ஏக்கரில் ஓடியதற்கு வைத்த குத்தகை அதைவிடக் குறைவு. பையன்கள் காசு கட்டாவிட்டால் கேட் திறக்காது. மன்றம் ஐம்பது வருஷம் கட்டாமல் வழக்காடலாம்.

160 ஏக்கர் என்றால் அப்பன் மொழியில் சுமார் 2900 கிரவுண்டு. பையன் மொழியிலும் கணக்குப் போடலாம். 105-க்கு 68 மீட்டர் என்ற சர்வதேச அளவுக் கால்பந்துத் திடல் ஒன்றுக்கு 32 கிரவுண்டு போதும். தொண்ணூறு திடல் வரும். எல்லாவற்றையும் திடலாக்கு என்று நான் சொல்லவில்லை. வேளச்சேரி 2015-இலும் 2023-இலும் பட்ட பாடு தெரிந்தவர்கள் அங்கே குளங்கள் வெட்டியதை வரவேற்கத்தான் செய்வார்கள், நானும் வரவேற்கிறேன். ஆனால் எஞ்சிய நிலத்துக்கு அரசின் கற்பனை பெரிய பூங்கா என்ற இடத்தில் போய் நின்றுவிட்டது. சென்னையின் பூங்காக்களைப் பார்த்திருப்பீர்கள். நடைபாதை, அலங்காரச் செடி, ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகை. நடக்கிறவன் குடிமகன், ஓடுகிறவனும் பரவாயில்லை, உதைக்கிறவன் தொந்தரவு. ஷூ போட்டுக்கொண்டு சர்க்கரையைக் குறைக்க வருகிற உடலையும், வேர்த்து விறுவிறுத்துக் கத்துகிற உடலையும் இந்நகரம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இந்தப் பாகுபாட்டில் சாதி எவ்வளவு, வர்க்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு தனிக் கட்டுரை வேண்டும். பிரிக்க முடியுமா என்பதே கேள்வி.

கார்ப் பந்தயத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடக்க வேண்டியது. நாலாம் தேதி மிக்ஜாம் புயல் ஊரை மூழ்கடித்ததால் தள்ளிப்போனது. அரசு ஒதுக்கிய தொகை சுமார் 42 கோடி. 2024-இல் நடந்தபோது ஒரு தெருநாய் தடத்துக்குள் புகுந்து பந்தயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது. அந்த வார இறுதியில் நகரத்தின் நிஜமான குடிமைப் பிரச்சினை ஒன்று நேரில் ஆஜரான ஒரே தருணம் அதுதான்.

எனக்கு அதில் ஒரு வேடிக்கை மட்டும் பிடித்திருக்கிறது. சாலை விளையாடுவதற்கு அல்ல என்பது நம் ஊரின் பால பாடம். தெருவில் ஸ்டம்பு நட்டால் விசில் ஊதுவார்கள். மூன்றரை கிலோமீட்டர் சாலையை மறித்துத் தடுப்பு வைத்து ஆடினால் அது சர்வதேசக் கவனம். தெருவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதைத் தெரு கிரிக்கெட்டிடம் கேட்டிருக்கலாம். ஒன் பிட்ச் ஒற்றைக்கை கேட்ச் அவுட். வண்டி வந்தால் டெட் பால். மாடிக்கு மேலே போனால் அடித்தவன் அவுட், அவனேதான் போய் ‘அக்கா, பந்து ப்ளீஸ்க்கா’ என்று கேட்டு வாங்கி வர வேண்டும். அந்த அக்கா வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் அன்று மேட்ச் கிடையாது. ஆடுகிறவனின் ஆசைக்கும் ஆடாதவளின் தூக்கத்துக்கும் இடையே செய்துகொண்ட உடன்படிக்கை இந்த விதிகள். தீவுத்திடலுக்கு எதிரே அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, இரைச்சல் அங்கே கேட்காதா என்ற கேள்விக்கு வழக்கு மன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒரு விதி. 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர்கள் சாலை நீங்கலாகப் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். பத்தாயிரம் சதுர மீட்டர் வரை, நிலமாகத் தராமல் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடவும் வழியுண்டு. நிலமாகவே தந்தாலும், 3000-க்குப் பத்து சதவீதம் 300 சதுர மீட்டர், ஒன்றேகால் கிரவுண்டுக்குச் சற்று மேல். ஐந்து பேர் ஆடும் சிறு கால்பந்துத் தரைக்கே மூன்றரை கிரவுண்டு வேண்டும். ஆக, விதியைத் துளி மீறாமலேயே ஒரு வட்டாரம் முழுவதும் ஆடுகளமே இல்லாமல் கட்டி முடிக்கப்படலாம். தந்த நிலமும் பல இடங்களில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் குடியிருப்போர் கார் நிறுத்தவும் போய்ச் சேருகிறது. வேலி போட்டு ‘பார்க்’ என்று போர்டு மாட்டியிருப்பார்கள், சாவி உள்ளே குடியிருக்கிற ஒருவரிடம் இருக்கும்.

இங்கே செயல்படும் நண்பர்களுக்கு வேலை இருக்கிறது. மாநகராட்சியின் 200 வார்டுகளில் நம் வார்டுக்குள் ஓ.எஸ்.ஆராகப் பெறப்பட்ட நிலங்கள் எவை, சர்வே எண் என்ன, இன்று அதில் என்ன நிற்கிறது, நிலத்துக்குப் பதில் பணம் கட்டியவர்கள் எவ்வளவு கட்டினார்கள், அந்தப் பணத்தில் இந்த வார்டில் எந்த இடம் வாங்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடலாம். பதிலை எடுத்துக்கொண்டு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகலாம். போகும்போது திடலில் ஆடுகிற பையன்களையும், செருப்பைக் காவல் காக்கிற அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுதுகிற நண்பர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஐந்தரை மணிக்குத் திடலுக்குப் போய் அங்குள்ள விதிகளை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி எடுக்கலாம், நாட்டுப்புறவியல் துறைகள் இதைச் செய்யுமென்று நான் காத்திருக்கத் தயாரில்லை. என் வார்டுக்கான மனுவை நான் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும், அல்லது வராமல் போனதும், இதே பக்கங்களில் எழுதுகிறேன். மற்ற வார்டுகளிலிருந்து வருவதையும் அனுப்பி வையுங்கள்.